பால் மங்குகளைக் கொண்டு ஒரு சிற்பம்: எப்படி இணைப்பது, எப்படி நிறுத்துவது?

லயத்துமகள், பட்டர்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். சிற்பக்கலையில் பயிற்சி உள்ளவர்களும் பட்டறை வேலை தெரிந்தவர்களும் இங்கே இருப்பதால் இந்தக் கேள்வியை எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் தாயார் மலேசியாவில் நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அந்தத் தோட்டம் முதலில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியது. பிறகு வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்த வாரத்தில் அம்மா மூன்று கோணிப்பைகள் நிறைய மங்குகளை, அதாவது மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணங்களை, அள்ளிக்கொண்டு வந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற தீபாவளிக்கு முன்பு கொட்டகையைச் சுத்தம் செய்தபோது அவற்றை எண்ணினேன். பழுப்பு மெருகிட்ட மண் மங்குகள் 142, அலுமினிய மங்குகள் 44, ஆக 186. அவற்றோடு பாலை மங்குக்குள் வடியவிடும் பீலிகள் ஒரு கட்டும், மங்கைத் தாங்குவதற்காக மரத்தைச் சுற்றி மாட்டும் கம்பி வளையங்கள் நூறும், ஒரு வாளியும், பாதியாகத் தேய்ந்துபோன ஒரு பால்வெட்டுக் கத்தியும் இருந்தன. பல மங்குகளின் உட்புறத்தில் காய்ந்த பால் இன்னும் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கிறது. பள்ளிக்குப் போவதற்கு முன்பு அம்மாவோடு போய் நான் துடைத்த மங்குகளும் அவற்றில் இருக்கக்கூடும்.

தோட்டத்துப் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி இப்போது வேறு இடத்தில் புதிய மண்டபத்தோடு இருக்கிறது. மண்டபத்தின் பின்பகுதியில் ஆறரை மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள இடத்தை எனக்குத் தருவதாகப் பள்ளி நிர்வாகத்தினர் ஒப்புக்கொண்டார்கள். என் அக்காள் மகனும் நானும் சேர்ந்து இரும்புக் கம்பியால் ஏழடி உயரத்தில் ஒரு மரம் செய்து, மங்குகளைச் சிலிக்கோன் பசையால் இலைகளைப் போல அதில் ஒட்டினோம். மூன்றாவது வாரத்தில், இரவு நேரத்தில், ஒரு கிளையில் இருந்த மங்குகள் பெயர்ந்து விழுந்து பதினொன்று நொறுங்கின. நல்லவேளையாக மண்டபத்தில் யாரும் இல்லை. இருக்கும் 175 மங்குகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உடைந்ததைவிட அதைப் பார்த்தவர்கள் சொன்னதுதான் என்னை அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது. நிர்வாகத்தில் ஒருவர், “அலங்காரம் அழகாக இருந்தது, மங்குகளில் விளக்கு ஏற்றியிருக்கலாம்” என்றார். என் அண்ணனோ, “அம்மா பட்ட பாட்டை மண்டபத்தில் நிறுத்தி ஊருக்குக் காட்ட வேண்டுமா?” என்று கேட்டார். இருவர் சொன்னதிலும் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது எதுவென்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்க விரும்புபவை மூன்று. அன்றாடம் புழங்கிய பொருள்களைச் சேர்த்து வைத்தால் அது எப்போது அலங்காரமாக நின்றுவிடுகிறது, எப்போது சிற்பமாகிறது? மண் மங்கையும் அலுமினிய மங்கையும் விழாமல் எப்படி இணைப்பது? கடைசியாக, மங்குகளில் உண்மையான ரப்பர் பாலை ஊற்றி உறையவைக்கலாமா?

செந்தூல் ஓவிய ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன்.

நீங்கள் பினாங்கில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனியாவைச் சேர்ந்த ஓவியர் எர்னஸ்ட் ஸகாரேவிச் லெபு ஆர்மேனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்தார்; அவர்கள் ஏறிச் செல்லும் சைக்கிளை மட்டும் வரையாமல், உண்மையான பழைய சைக்கிள் ஒன்றையே அங்கே வைத்தார். லெபு ஆ குவீயில் மோட்டார் சைக்கிளையும் அப்படித்தான் வைத்தார். படம் எடுப்பதற்காக வரிசையில் நிற்பவர்களைச் சற்று மறந்துவிட்டுப் பாருங்கள். வரைந்த குழந்தைகளுக்கு நிழல் கிடையாது, சைக்கிளுக்கு உண்டு. வெயில் நகர நகர அந்த நிழல் சுவரில் நகர்கிறது. பொருளை உருவமாக மாற்றிவிடாமல் பொருளாகவே விட்டதால் கிடைத்த பலன் அது.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 1942இல் பிக்காசோ ஒரு சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை ஒன்றைச் செய்தார். பொருள் இரண்டு, இணைப்பு ஒன்று. காளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் தெரிகிறது, சைக்கிளைப் பார்க்கும்போது காளை தெரிகிறது. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. உங்கள் மரத்தில் மங்கு இலையாகிவிட்டது. இலையாக ஆனதும் அது மங்காக இருப்பதை விட்டுவிட்டது. அதன் இடத்தில் வேறு எந்தக் கிண்ணத்தை ஒட்டியிருந்தாலும் அதே மரம்தான் கிடைத்திருக்கும் என்பதால், நிர்வாகத்தினர் அதை அலங்காரம் என்று சொன்னதில் வியப்பில்லை. கடுமையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வதும் இதைத்தான்.

நம் நாட்டிலேயே இந்தக் கேள்வியை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். 1974இல் ரெட்சா பியாதாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற மொழி, இலக்கிய நிறுவனத்தில் நடத்திய கண்காட்சியில், எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள்களும், பாதி குடித்த கொக்கோ கோலா புட்டிகளும், பறவையைத் திறந்துவிட்ட வெற்றுக் கூண்டும் வைக்கப்பட்டிருந்தன. பொருளுக்கு அவர்கள் எதுவும் செய்யவில்லை. எந்த நாளில், எந்த நேரத்தில் நடந்த நிகழ்வின் மிச்சம் அது என்பதை மட்டும் தலைப்பில் எழுதினார்கள். பொருளைக் காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவமாகப் பார்க்கச் சொன்ன அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் உங்கள் மங்குகளுக்கு அது போதாது என்று நினைக்கிறேன். ஒரு கூண்டுக்கு ஒரு பிற்பகல் போதும். மங்குக்கு முப்பத்தோர் ஆண்டுகள் இருக்கின்றன.

உங்களுக்கு மிக நெருக்கமானவர் எல் அனட்சூயி என்று எனக்குத் தோன்றுகிறது. 1944இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் இன்சுக்கா நகரில் நெடுங்காலம் பணியாற்றிய சிற்பி அவர். மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகளையும் கழுத்துப் பட்டைகளையும் தட்டி, மடித்து, முறுக்கி, துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, சுவர் முழுவதையும் மறைக்கும் விரிப்புகளாக்குகிறார். தொலைவில் இருந்து பார்த்தால் பட்டுத் துணியைப் போலப் பொன்னிறமாக மின்னும். அருகில் போனால் சாராய நிறுவனங்களின் பெயர்கள் தெரியும். ஐரோப்பியர் அந்தக் கடற்கரைக்கு மதுவைக் கொண்டுவந்து பொருளுக்கும் மனிதருக்கும் மாற்றாகக் கொடுத்த வரலாறு அந்த மூடிகளுக்குப் பின்னால் இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடையையும் சம்சு என்ற மலிவுச் சாராயத்தையும் அறிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015இல் வெனிஸ் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய வேலையில் நான் உற்றுப் பார்ப்பது மூடியை அல்ல, கம்பியைத்தான். மூடி தெருவிலும் கிடக்கிறது. ஒவ்வொரு மூடியையும் பக்கத்து மூடியோடு கையால் முடிந்த அந்தக் கம்பிதான் அதைச் சிற்பமாக்குகிறது. கம்பி இறுக்கமாக இல்லாததால் விரிப்பு வளையும், மடியும். ஒவ்வொரு கண்காட்சியிலும் வேறு விதமாகத் தொங்கும். எப்படித் தொங்கவிடுவது என்பதை அங்கே மாட்டுபவர்களின் கைக்கே அவர் விட்டுவிடுவதும் உண்டு. பசையால் ஒட்டியிருந்தால் இவற்றில் எதுவும் நிகழாது.

பாத்திரங்களால் பெயர் பெற்ற இந்தியச் சிற்பி சுபோத் குப்தாவையும் பார்க்கலாம். எவர்சில்வர் பாத்திரங்களால் அவர் செய்த மிகப் பெரிய மண்டையோட்டை 2006இல் பாரிஸில் ஒரு தேவாலயத்தில் வைத்தார்கள். 1996இல் ஆவணமற்ற ஆப்பிரிக்கக் குடியேறிகள் தஞ்சம் புகுந்திருந்த தேவாலயம் அது. பசியும் பளபளப்பும் ஒரே பொருளில் இருப்பதை அந்த இடம் எடுத்துக்காட்டியது. ஆனாலும் வடிவத்தின் பெருமை அங்கே பாத்திரத்தை முந்திக்கொண்டு போகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே என் பதில் இது: மங்குகளை என்ன உருவமாக்கலாம் என்று தேடாமல், மங்கு மங்காகவே இருக்கும்போது அதைத் தாங்கி நின்றது எது என்று தேடிப் பாருங்கள்.

பிறைப் பட்டறை

வணக்கம் அக்கா. பிறை என்ற ஊரில் எவர்சில்வர் கதவு, கைப்பிடிச் சட்டம், உணவகச் சமையல் மேசை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். கலையைப் பற்றி டீச்சர் எழுதியதற்கு மேல் எனக்குத் தெரியாது. இணைப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில், ஏன் விழுந்தது என்பதைப் பார்ப்போம். சிலிக்கோன் பசை கெட்டதல்ல. அது எதன்மேல் ஒட்டியது என்பதுதான் விஷயம். மங்கின் மேற்பரப்பு கண்ணாடியைப் போன்ற மெருகு. அதன்மேல் பல ஆண்டுத் தூசி, அதற்கும் மேல் காய்ந்த ரப்பர் படலம். பசை படலத்தைப் பிடித்துக்கொண்டது, படலம் மங்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. உடைந்த துண்டுகளில் பசை தனியாக உரிந்து வருகிறதா என்று பாருங்கள், உரிந்து வந்தால் காரணம் இதுதான். போதாக்குறைக்கு, இலைபோல நீட்டி ஒட்டும்போது மங்கின் எடை முழுவதும் பசையை உரிக்கும் திசையிலேயே இழுத்துக்கொண்டிருக்கும். எடையைப் பசை தாங்கவே கூடாது. கீழே இருந்து ஒரு பொருள் தாங்க வேண்டும். பசை, ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான்.

மண் மங்கில் துளையிட நினைத்தால், வைரத்தூள் பதித்த குழாய் வடிவத் துளைக்கருவியால், தண்ணீர் சொட்டவிட்டு, மெதுவான வேகத்தில் துளையிட வேண்டும். மெருகின்மேல் முதலில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டால் கருவி வழுக்காது. அப்படியும் பத்தில் ஒன்றிரண்டு கீறல் விடும். அம்மாவுடைய மங்குகள் என்பதால் துளையிடவே வேண்டாம் என்பேன்.

உங்களிடம் நூறு கம்பி வளையங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மங்கு உட்காருவதற்கென்றே செய்த வளையம் அது. துளையும் இல்லை, பசையும் இல்லை. மங்கு தன் எடையால் அதில் உட்காருகிறது. மழையிலும் காற்றிலும் தோட்டத்தில் அப்படித்தானே இருந்தது? மீதி 75 வளையங்களை அதே அளவில் நான் வளைத்துத் தருகிறேன். ஆனால் மரத்தைச் சுற்றும் பகுதி மெல்லிய கம்பத்துக்கு மிகவும் பெரிதாக இருக்கும் என்பதால், அதை வெட்டிச் சிறிதாக்கி வெல்டிங் செய்து பற்றவைக்க வேண்டும். பழைய கம்பியில் துத்தநாகப் பூச்சு மிச்சமிருந்தால், சூடு படும்போது வரும் வெள்ளைப் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைத் தேய்த்து எடுக்காமல், காற்றோட்டம் இல்லாத இடத்தில், அக்காள் மகனைப் பற்றவைக்க விடாதீர்கள்.

அலுமினிய மங்கு இரும்பைத் தொடும் இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, இடையில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், இரண்டில் இளைத்தது அரிக்கப்படும். இங்கே இளைத்தது அலுமினியம். பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ் டவுனிலும் கடற்காற்று இருப்பதால் வெளி வேலைக்கு மாலிப்டினம் கலந்த 316 வகை எவர்சில்வரைத்தான் நான் பயன்படுத்துகிறேன். சாதாரண 304 வகையில் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போலப் புள்ளி விழும். உங்களுடையது மண்டபத்துக்குள் இருப்பதால் அவ்வளவு செலவு தேவையில்லை. வளையத்துக்கும் அலுமினிய மங்குக்கும் இடையில் சைக்கிள் டியூபை மெல்லிய நாடாவாக வெட்டிச் சுற்றிவிட்டால் இரண்டும் தொடாது.

நிறுத்துவதற்கு நான் செய்யக்கூடியது இது. இரும்புச் சட்டம் கடையில் 6 மீட்டர் நீளத்தில்தான் வரும். அப்படி ஒரு சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் 12 மில்லிமீட்டர் கம்பிகளை வரிசையாகப் பற்றவைத்தால், எந்தக் கம்பியும் தனியாகச் சாயாது. உங்கள் இடத்தின் நீளத்துக்கும் அது சரியாக வரும். எடையை ஊகிக்க வேண்டாம். மண் மங்கு ஒன்றையும் அலுமினிய மங்கு ஒன்றையும் தராசில் எடை பார்த்து எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

தண்ணீர்மலை அடிவாரம்

லயத்துமகளுக்கு வணக்கம். எனக்கு எழுபத்தாறு வயது. சுங்கை பட்டாணிப் பக்கத்தில் பதினெட்டு வயது முதல் பால்மரம் வெட்டினேன். பிறகு பினாங்குக்கு வந்து, நாற்பது ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்குக் காவடி கட்டிக் கொடுக்கிறேன்.

ஆசிரியை அம்மையார் எழுதியதைப் படித்தேன், அதில் பிழை காண வரவில்லை. ஆனால் அன்றாடப் பொருளைக் கொண்டு உருவம் செய்வது வெளிநாட்டில் தொடங்கியதைப் போல ஒரு தொனி அதில் இருக்கிறது. அலுமினியக் குழாய், பாலிஸ்டிரீன் பலகை, மயிலிறகு, சங்கிலி, வண்ணத்தாள், சைக்கிள் கடையில் வாங்கிய திருகாணி ஆகியவைதாம் என் காவடி. கோபுரத்தில் நீங்கள் கும்பிடும் சுதைச் சிற்பத்துக்குள்ளும் செங்கல்லும் இரும்புக் கம்பியும் சுண்ணமும்தான் இருக்கின்றன. சுதைச் சிற்பி செங்கல்லை மறைத்துவிடுகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் காவடியில் நாங்கள் எதையும் மறைப்பதில்லை. கொக்கி கொக்கியாகவே தெரியும். எல்லா இணைப்பும் கையால் முடுக்கும் திருகாணியில்தான் இருக்கும், ஏனென்றால் விடியற்காலையில் பூட்டி, மலையேறி இறங்கிய பின் கழற்றியாக வேண்டும். இணைப்புதான் எல்லாம் என்று அம்மையார் சொன்னது எங்களுக்குக் கைப்பழக்கம்.

மங்குக்கு வருகிறேன். ஒருவர் ஒரு காலையில் வெட்டுவது 400 முதல் 600 மரம் வரை இருக்கும். 500 என்று வைத்துக்கொண்டால், உன்னிடம் இருக்கும் 175 மங்கு உன் தாயார் ஒரே ஒரு காலையில் நடந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முதலில் வெட்டுவதற்கு ஒரு நடை, பால் எடுப்பதற்கு இன்னொரு நடை. பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து இருட்டிலேயே தொடங்க வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். உன் அண்ணன் இதை அம்மா பட்ட பாடு என்கிறார். பாடுதான். ஆனால் பட்டையின் அடியில் இருக்கும் உயிருள்ள பகுதியில் காயம் படாமல், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுப்பது கைவேலை. தவறினால் மரம் அந்த இடத்தில் முண்டு போடும். பாட்டை மட்டும் காட்டாமல் அந்தக் கைவேலையையும் காட்டினால் அண்ணன் மறுக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

ஏழடி உயரத்தில் மங்கு இருந்ததில்லை, மகளே. குனிந்துதான் எடுப்போம். வெட்டும் கோடு கீழே இறங்க இறங்க மங்கும் முழங்கால் வரை இறங்கும். மண்டபத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனிந்து பார்க்க வேண்டும். மங்குகளை நிரையாக வை. வெட்டில்லாத நாளில் மழைத்தண்ணீர் நிறையாமல் இருக்க மங்கைக் கவிழ்த்து வைப்போம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

செந்தூல் ஓவிய ஆசிரியை

பெரியவருக்கு என் வணக்கம். தாங்கள் சுட்டிய குறை நியாயமானது. காவடியை நான் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறைச் சகோதரருக்கு ஒரு வேண்டுகோள்: வளையங்களை வெட்ட வேண்டாம். அந்த வளையம் ஒரு மரத்தின் சுற்றளவை அப்படியே வைத்திருக்கிறது. கம்பியின்மேல் அதே அளவில் அதைப் பொருத்திவிட்டால், மரம் இருந்த இடத்தில் வெறும் வட்டம் நிற்கும். அந்த வட்டத்தின் முன்னால் மங்கு உட்கார்ந்திருக்கும். வெட்டப்பட்ட தோட்டத்தைக் காட்டுவதற்கு வேறு உருவம் தேவையில்லை.

இதை எழுதும்போது கர்நாடகத்தில் பிறந்த கலைஞர் ஷீலா கௌடாவின் ஒரு படைப்பு நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியாவில் வாகன ஓட்டிகள் கண்ணேறு படாமலிருக்க முடியால் திரித்த கயிற்றை வண்டியில் கட்டும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தையே எடுத்துக்கொண்டு, கோயில்களில் காணிக்கையாகக் கொடுத்த முடியால் திரித்த ஏறத்தாழ 4,000 மீட்டர் கயிற்றையும், கார்களின் இருபது முட்டுத்தாங்கிகளையும் (பம்பர்களையும்) கொண்டு செய்த அந்தப் படைப்பை 2009இல் வெனிஸில் வைத்தார். கனமான உலோகத்தை முடிக்கயிறு தூக்கிப் பிடித்திருந்தது. பத்துமலை, தண்ணீர்மலை முருகன் கோயில்களில் முடியிறக்கியவர்களுக்கு அந்தக் கயிறு என்னவென்று தெரியும். அவரும் இணைப்பை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அந்தப் பொருள்களுக்கிடையே ஏற்கெனவே இருந்த பழக்கத்தையே இணைப்பாக்கினார். உங்கள் கம்பி வளையமும் அத்தகையதுதான்.

பிறைப் பட்டறை

வெட்டாமலும் செய்யலாம். பாலம், கட்டடம் கட்டும் இடங்களில் இரும்பைக் கட்டும் கட்டுக்கம்பியால் வளையத்தைக் கம்பத்தோடு முறுக்கிக் கட்டிவிட்டால் பற்றவைப்பே தேவைப்படாது, துத்தநாகப் புகையும் இல்லை. கம்பத்தின் நீளம் ஒரு மீட்டர் போதும் என்றால், 6 மீட்டர்க் கம்பி ஒன்றில் ஆறு கம்பம் கிடைக்கும். 175 கம்பத்துக்கு 30 கம்பி வாங்க வேண்டும். வளையத்தின் விட்டத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள். 22 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒரு சட்டத்தில் 25 கம்பம் நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி

அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் துறையில் வேலை செய்பவள் என்ற முறையில், உங்கள் மூன்றாவது கேள்விக்கு எழுதுகிறேன்.

பாலை ஊற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. மரத்திலிருந்து வந்த பாலில் அம்மோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்திலேயே அது திரிந்து நாறும். அமிலம் சேர்த்து உறையவைத்தால், வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, பழுப்பாகி, காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டு, கடைசியில் பிசுபிசுக்கும் அல்லது நொறுங்கும். பள்ளி மண்டபத்தில் எறும்பும் பூஞ்சையும் சேரும். ரப்பர் பாலைக் கொண்டு சிற்பம் செய்தவர்களில் பெரும்பெயர் பெற்றவர் 1970இல் முப்பத்து நான்கு வயதிலேயே மறைந்த ஈவா ஹெஸ். மெல்லிய துணியில் ரப்பர் பாலைப் பூசி, கண்ணாடியிழைக் கம்பங்களுக்கு இடையே திரைபோல விரித்து, 1969இல் அவர் செய்த ஒரு பெரிய படைப்பு நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளைந்து கொடுத்த அந்தத் திரை காலப்போக்கில் விறைத்துக் கருத்துப்போனதால் பல பத்தாண்டுகள் வெளியே வைக்கப்படாமலே இருந்தது. நீண்ட பேணுதல் வேலைக்குப் பிறகு 2022இல்தான் மீண்டும் பார்வைக்கு வந்தது.

உங்கள் மங்குகளில் உண்மையான பால் ஏற்கெனவே இருக்கிறது. உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அந்தக் காய்ந்த தோலை உரிக்காதீர்கள், சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், எண்ணெயும் மெருகும் பூசாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டி எடுங்கள். நேர் வெயில் படும் சன்னல் பக்கத்தில் அலுமினிய மங்குகளை வையுங்கள். பால்தோல் கூடுதலாக உள்ள மண் மங்குகள் உள்வரிசைகளில் இருக்கட்டும். ஒவ்வொரு மங்கின் அடியிலும் பென்சிலால் ஓர் எண் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஏதாவது உடைந்தாலும் எது எந்த இடத்தில் இருந்தது என்பது தெரியும். நொறுங்கிய பதினொன்றின் துண்டுகளை எறிந்துவிடவில்லை என்று நம்புகிறேன்.

லயத்துமகள், பட்டர்வொர்த்

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் எழுதியதை அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குப் போனார். சிறிது நேரம் கழித்து நானும் போய்ப் பார்த்தபோது, அம்மாவின் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, சீவும் கோணத்தைத் தன் முன்கையில் எனக்குக் காட்டினார். அம்மாவிடம் அவர் வெட்டக் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

வளையங்களை அளந்தேன். பெரும்பாலானவை 19 முதல் 21 சென்டிமீட்டர் வரை இருக்கின்றன. எட்டு வளையங்கள் மட்டும் பெரியவை, அவற்றை வரிசைகளின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு சட்டத்துக்கு 25 மங்கு வீதம் ஏழு நிரைகள், 175 மங்குகளும் சரியாக வருகின்றன. இருக்கும் இடத்தில் நிரைக்கு நிரை அறுபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. மங்கின் உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும். அண்ணனுடைய யோசனைப்படி கடைசி நிரையை மட்டும் கவிழ்த்து வைக்கப்போகிறோம். கத்தியையும் வாளியையும் இதில் சேர்க்கவில்லை. அவை வீட்டிலேயே இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தோம். உடைந்த துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன.

பால் ஊற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பிறைத் தம்பிக்கு: மண் மங்கு ஒன்றையும் அலுமினிய மங்கு ஒன்றையும், மாதிரிக்கு ஐந்து வளையங்களையும் சனிக்கிழமை காலை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவருகிறேன். முதலில் ஒரே ஒரு நிரையைச் செய்து, ஒரு மாதம் என் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்திப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடங்கலாம்.